கூத்தாடி, சீட்டாடி

எங்கள் வீட்டில் இரண்டு வசவுகள் புழக்கத்தில் இருந்தன. மேடை ஏறுகிறவன் கூத்தாடி. சீட்டுக்கட்டைத் தொடுகிறவன் சீட்டாடி. தாத்தா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார். வால் ஒன்றாக இருப்பதால் சந்தம் பிசகாமல் வரும். இரண்டுக்கும் சேர்த்து உறையூர் வீட்டில் ஒரே ஆள்தான் இருந்தார்: என் சித்தப்பா.

சித்தப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளர். பாடகர்கள் சோடா குடிக்கும் நேரத்தில் மிமிக்ரி. சிவாஜி, நம்பியார், தங்கவேலு என்று முப்பது குரல் வைத்திருந்தார். எம்.ஆர்.ராதா மட்டும் தனி. அந்தக் குரலுக்குக் கூட்டம் விசில் அடிக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘பையன் என்ன பண்றார்?’ என்று கேட்டபோது பாட்டி, ‘பேசற உத்தியோகம்’ என்றாளாம். வக்கீல் என்று நினைத்துப் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள் என்பது சித்தி இன்றுவரை சொல்லும் குறை.

கச்சேரிக்குப் போகும் வேனில் சீட்டு, மேடைக்குப் பின்னால் சீட்டு, கச்சேரி இல்லாத நாட்களில் மனமகிழ் மன்றத்தில் சீட்டு. சீட்டாடுகிற கிளப்புக்குத் தமிழில் மனமகிழ் மன்றம் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டு வைக்கவில்லை. சித்தப்பாவுக்கு ரம்மியை விட மூணு சீட்டுதான் பிடிக்கும். மூன்று சீட்டையும் நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மூலையை மட்டும் கொஞ்சமாக விரித்துப் பார்ப்பார். பார்த்த மறுகணம் வேடிக்கை ஆரம்பம். நல்ல சீட்டு வந்தால் வாயில் எம்.ஆர்.ராதா வந்துவிடுவார். ‘அடேயப்பா, என்னடா இது, ஆளாளுக்குக் காசை வெச்சுக்கிட்டு முழிக்கறீங்க’ என்று ராதா குரலில் இழுத்ததுதான் தாமதம், டிரம்ஸ்காரரும் தபேலாக்காரரும் சீட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். சீட்டு மோசம் என்றால் சித்தப்பா வாயே திறக்கமாட்டார். அவர் மௌனமாக இருக்கும் நேரம் பார்த்து எல்லாரும் காசை ஏற்றுவார்கள். முப்பது பேர் குரலில் பொய் பேசத் தெரிந்த மனிதருக்குத் தன் குரலில் ஒரு பொய் சொல்ல வரவில்லை.

முதலில் எச்.எம்.டி. வாட்ச் போயிற்று. பிறகு சைக்கிள். ஒரு ஆடி வெள்ளி, லால்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், இரண்டாம் பாதிக்கு அறிவிப்பாளரே மேடைக்கு வரவில்லை. பாடகர் தன் பாட்டைத் தானே அறிவித்துத் தானே பாடினார். அந்த நேரம் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் சித்தப்பா மௌனமாக இருந்தார் என்று பிறகு தெரிந்தது.

இவ்வளவுக்கும் வீட்டில் சீட்டுக்கு வருஷத்தில் ஒரு நாள் அனுமதி உண்டு. சிவராத்திரி. கண் விழிக்க வேண்டுமே! வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம், சிவராத்திரிக்குச் சீட்டு. அன்றைக்குத் தாத்தாவே உட்கார்ந்து, புளியங்கொட்டையைப் பந்தயம் வைத்து, ஏமாற்றி ஆடுவார். தர்மரையும் சகுனியையும் இழுக்காமல் சீட்டைப் பற்றித் தமிழில் எழுத முடியாது என்பார்கள். இழுத்தாயிற்று, மேலே போவோம்.

2024 தீபாவளிக்கு அக்கா மகள் வந்திருந்தாள். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு மடிக்கணினியை விரித்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். நீள்வட்ட மேஜை, அதைச் சுற்றிக் குளிர்கண்ணாடியும் தொப்பியுமாக இழவு வீட்டில் உட்கார்ந்தது போல ஆண்கள். நடுவில் காதிலும் கழுத்திலும் வைரம் மின்ன, கல்யாணத்துக்கு வந்ததுபோல ஒரு அம்மாள். அவர் மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார். மூக்கால் பாதியும் மூச்சால் பாதியுமாக, செல்லம் கொஞ்சுகிற ஒரு குரல். முகம் பிடிபடவில்லை. குரல் எங்கேயோ கேட்டது.

‘இது சக்கி பொம்மைக்குப் பொண்டாட்டியா வந்தவளாச்சே!’

‘ஜெனிஃபர் டில்லி, மாமா. இப்ப போக்கர் ஆடறாங்க.’

‘பிரைட் ஆஃப் சக்கி’ 1998-இல் வந்த கொலைகாரப் பொம்மைப் படம். நாங்கள் அதை வாடகை வி.சி.டி.யில், நடுவில் நின்று நின்று ஓடிய தட்டில் பார்த்தோம். அதில் டிஃபனி என்ற பெண்ணாக வந்து, செத்து, பொம்மைக்குள் புகுந்து குரலாக மிஞ்சுவார் இந்த அம்மாள். அதற்கு நாலு வருஷம் முன்பு, உட்டி ஆலனின் ‘புல்லட்ஸ் ஓவர் பிராட்வே’யில் ஆலிவ் நீல் என்ற வேடம்: நடிப்பே வராத பெண், ரவுடிக் காதலன் பணம் போடுவதால் நாடகத்தில் வேஷம் கிடைக்கிறது. நடிக்கத் தெரியாதவளாக அவ்வளவு நன்றாக நடித்ததற்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. விருது அதே படத்தில் நடித்த டயேன் வீஸ்டுக்குப் போயிற்று. ஒரே வீட்டில் இரண்டு பேர் லாட்டரிச் சீட்டு வாங்கி, பக்கத்து அறைக்குப் பரிசு விழுந்த மாதிரி.

அதன் பிறகு சினிமா அவரை அந்தக் குரலாகவே வைத்துக்கொண்டது. ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’கில் ஒரு குரல், ‘ஃபேமிலி கை’ கார்ட்டூனில் ஒரு குரல். 2004-இல் ‘சீட் ஆஃப் சக்கி’ என்று இன்னொரு பாகம் எடுத்தார்கள். அதில் அவருக்கு இரட்டை வேஷம். ஒன்று பொம்மை. இன்னொன்று, வாய்ப்புத் தேடி அலையும் மார்க்கெட் போன நடிகை ஜெனிஃபர் டில்லி. தன் பெயரிலேயே தன்னைக் கேலி செய்துகொள்ளும் வேஷம். நம் ஊரில் எந்த நடிகை இதற்குக் கால்ஷீட் கொடுப்பார்?

மறு வருஷம், 2005 ஜூனில், லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரில் பெண்கள் போட்டிக்குப் போய் உட்கார்ந்தார். ஆடியவர்கள் 601 பேர். அறுநூறு பேரையும் எழுப்பி அனுப்பிவிட்டு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் பரிசும், வெற்றி பெற்றவருக்குப் போடும் தங்கக் காப்பும் வாங்கிக்கொண்டு எழுந்தார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பைசைக்கிள் கேசினோவில் இன்னொரு பெண்கள் போட்டியிலும் வென்றார். (கேசினோவுக்குச் சைக்கிள் என்று பெயர் வைத்திருப்பதைச் சித்தியிடம் சொன்னேன். ‘அங்கே எத்தனை பேர் சைக்கிள் போச்சோ’ என்றாள்.)

அக்கா மகள் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைத்து. மேஜையில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் காசை ஏற்றலாம், கையை மடக்கிப் போடலாம்.

‘கையில ரெண்டு ஏஸ் 221 தடவைக்கு ஒரு தடவைதான் மாமா வரும். மத்தபடி முக்கால்வாசி கையைக் கீழ போடணும். அதான் ஸ்கில்.’

அங்கேதான் எனக்குச் சித்தப்பா புரிந்தார். மேடைக்காரனால் கையைக் கீழே போட முடியாது. சீட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு யார் விசில் அடிக்கிறார்கள்? ஆனால் அந்த ஆட்டத்தில் பணம் மிச்சமாவதே அந்தச் சும்மா உட்காருவதில்தான். டில்லிக்கு அது எப்படிக் கைவந்தது என்பதற்கு என்னிடம் ஒரு சொந்த ஊகம் உண்டு. அவர் சும்மா இருக்கும்போதும் சும்மா இல்லை. சிரிக்கிறார், வைரத்தைத் தடவுகிறார், பக்கத்துக்காரரிடம் வம்பு பேசுகிறார். எதிரே இருப்பவருக்கு ஆலிவ் நீல் பேசுகிறாளா, டிஃபனி பேசுகிறாளா, ஜெனிஃபர் பேசுகிறாரா என்று தெரிய வழியில்லை. சித்தப்பா நல்ல சீட்டுக்கு மட்டும் ராதாவைக் கூப்பிட்டார். இந்த அம்மாள் எல்லாச் சீட்டுக்கும் ஒரே குரலில் கொஞ்சுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு ஒரு வாட்சும் ஒரு சைக்கிளும்.

இன்னொன்றும் சித்தப்பாவுக்கு வாய்க்கவில்லை: கேமரா. ஆட்டக்காரர் மறைத்து வைத்திருக்கும் சீட்டை நேயருக்கு மட்டும் காட்டும் மேஜைக் கேமரா வந்த பிறகுதான் போக்கர் டி.வி.க்கு ஏற்ற பண்டமாயிற்று. 2003-இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் இணையத்தில் சில்லறைக்கு இடம் பிடித்து, உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். பெயரைப் பாருங்கள், நாவலில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அந்த வருஷம் முதன்மைப் போட்டிக்கு வந்தவர்கள் 839 பேர். டில்லி காப்பு வாங்கிய 2005-இல் 5,619 பேர்.

நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் இருப்பானே, அவன் ராஜாவின் ரகசியத்தை நம்மிடம் சொல்லிவிடுவான். மேடையில் நிற்பவருக்குத்தான் தெரியாது. போக்கர் டி.வி.யும் அதே கூத்துதான். பொருத்தமாகக் கட்டியக்காரனும் ஒரு காமெடியன்தான். கேப் கேப்லன், புரூக்ளின்காரர், 1975 முதல் 79 வரை ஓடிய ‘வெல்கம் பேக், காட்டர்’ தொடரில் வாத்தியாராக நடித்தவர். ஜான் டிரவோல்டா அதில் அவருடைய வகுப்புப் பையன். பையன் சினிமாவுக்குப் போனான், வாத்தியார் சீட்டுக்குப் போனார். 1980-இல் அமரில்லோ ஸ்லிம் என்ற போக்கர் ஆட்டக்காரர் நடத்திய பெரிய போட்டியில் வென்றார். அதே ஆண்டு உலகத் தொடரில் ஆறாவது இடம். 2006 முதல் ‘ஹை ஸ்டேக்ஸ் போக்கர்’ நிகழ்ச்சியில் எல்லார் சீட்டையும் தெரிந்துகொண்டு நக்கலாக வர்ணனை சொன்னார். அவர் ஆறாவதாக எழுந்த அதே காலத்தில்தான் எங்கள் சித்தப்பா சைக்கிளைத் தோற்று நடந்து வந்தார்.

அக்கா மகளின் உற்சாகத்தில் நான் தண்ணீர் ஊற்றியதாக அவளுக்கு வருத்தம். ஊற்றத்தான் செய்தேன். டில்லியின் முன்னாள் கணவர் சாம் சைமன், ‘சிம்ப்சன்ஸ்’ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர். விவாகரத்து ஏற்பாட்டின்படி அந்தத் தொடரின் வருமானத்தில் இந்த அம்மாளுக்கும் பங்கு வருகிறது. அடியில் மெத்தை போட்டுக்கொண்டு மரம் ஏறுகிறவர் அவர். சித்தப்பா பந்தயம் வைத்தது ரேஷன் அரிசிக் காசு. இந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டு இரண்டு பேரையும் ஒப்பிட்டால் சித்தி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

அந்த அம்மாளே 2008 கடைசியில் போக்கரைத் தொழிலாகக் கொள்வதை நிறுத்துவதாக எழுதினார், ‘ப்ளஃப்’ என்ற பெயருள்ள பத்திரிகையில். இந்த ஆட்டத்தில் மதிப்பும் அங்கீகாரமும் தேடுவது எதைப் போன்றது என்று ஓர் உவமை சொன்னார். அது இங்கே அச்சேறாது. இனிமேல் பொழுதுபோக்குக்கு மட்டும் என்றார். எத்தனையோ மனமகிழ் மன்ற வாசலில் எத்தனையோ பேர் சொன்ன வாக்கியம்தான். பதினாறு வருஷம் கழித்து, தீபாவளி மதியம், பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டு காசை ஏற்றுவதை நானே பார்த்தேன். பரிசுப் பணம் மொத்தம் சுமார் 10 லட்சம் டாலராம். தோற்ற கணக்கை எந்த ஊரிலும் யாரும் வைத்துக்கொள்வதில்லை.

‘இது சூதாட்டம் இல்ல மாமா, ஸ்கில் கேம். ஹைகோர்ட்டே சொல்லியாச்சு’ என்றாள் அக்கா மகள். அதுவும் உண்மை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்றது. ஆனால் 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு விதி ஒன்று வந்தது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு வைத்து இணையத்தில் ஆடக்கூடாது. பாட்டி அரிக்கேன் விளக்கை அணைக்கும் நேரமும் ஏறத்தாழ அதுதான். ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி இணையத்தில் ஆடுகிற ஆட்டமே கூடாது. அவள் செல்போனில் இருந்த செயலி ஒரே வாரத்தில் வெறும் படமாகிவிட்டது.

அடுத்த தீபாவளிக்கு எல்லாரும் உறையூரில் கூடினோம். சித்தப்பாவுக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. வாட்ச் கட்டுவதில்லை. அக்கா மகள் டில்லியின் ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். ஒலி சரியாக வரவில்லை. சித்தப்பா ஊமைப்படமாகவே கால் மணி நேரம் பார்த்தார்.

‘இந்தப் பொண்ணு தன் சீட்டப் பாக்கவே இல்லடா. எதிர்ல இருக்கறவன் மூஞ்சியத்தான் பாக்குது’ என்றார். பிறகு, ‘கட்டு இருக்கா?’

சித்தி முறைத்தாள். சிவராத்திரி இல்லை. ஆனாலும் சமையலறை டப்பாவிலிருந்து புளியங்கொட்டையைக் கொட்டியது அவள்தான். மூணு சீட்டு. நான், அக்கா மகள், சித்தப்பா. நாலைந்து கை வழக்கம்போலப் போயிற்று. அவர் மௌனமாக இருந்தார், நாங்கள் ஏற்றினோம், ஜெயித்தோம். ஆறாவது கையில் சீட்டை நெஞ்சோடு வைத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மூலையைப் பிரித்துப் பார்த்தார். குரல் தானாக இழுத்துக்கொண்டு வந்தது.

‘அடேயப்பா… என்னம்மா இது, படிச்சவங்கல்லாம் புளியங்கொட்டைய வெச்சுக்கிட்டு முழிக்கறீங்க…’

நாற்பது வருஷம் கழித்தும் அதே ராதா. என்னிடம் இரண்டு ராணி இருந்தது. பேசாமல் கீழே வைத்தேன். குடும்பக் கதை தெரிந்த பெண், அக்கா மகளும் வைத்துவிட்டாள். சித்தப்பா முப்பத்திரண்டு கொட்டையையும் வழித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்தபடி கட்டோடு சேர்க்கப் போனார். அவள் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

இஸ்பேடு ரெண்டு, க்ளாவர் ஏழு, டைமண்ட் ஒன்பது.

‘சித்தப்பா!’ என்றேன்.

அவர் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு வைத்துக்கொண்டிருந்தார்.