யாருக்கு மணி அடிப்பது?

புதுச்சேரி இந்திரா காந்தி சிக்னலை முப்பது வருஷம் சைக்கிளில் கடந்தவன் நான். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் ஒன்றரை அடி சந்து தெரிந்தால் போதும், ஹேண்டில்பாரைச் சாய்த்து உள்ளே போய்விடுவேன். வலது கை பிரேக்கில், இடது கை பெல்லில், வாய் எதிரில் வருபவனின் வம்சத்தில். இப்படி ஓட்டிப் பழகியவனுக்குப் போன ஜூன் மாதம் லியோனில் இருக்கும் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, இங்க ஒரு ரோடு இருக்கு. கார் கிடையாது, லாரி கிடையாது, பைக் கிடையாது. சைக்கிள் மட்டும்தான். வாங்க, ரெண்டு நாள் ஓட்டிட்டு வரலாம்."

"அப்ப யாரைப் பார்த்து மாப்ள ஓட்டறது?"

அவன் சிரித்தான். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று என் சைக்கிளிலிருந்து பித்தளை பெல்லைக் கழற்றி பெட்டியில் வைத்துக்கொண்டேன். ஒரு அழுத்து அழுத்தினால் நெல்லித்தோப்பு மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும் பெல் அது.

அவன் சொன்ன ரோடு பர்கண்டியில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தார் போட்டு, 1997-ல் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள். ழிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். 'வுவா வேர்த்', அதாவது பச்சைப் பாதை என்று இவர்கள் சொல்லும் வகையில் பிரான்சிலேயே இதுதான் முதலாவது. பழைய ஸ்டேஷன்கள் அப்படியே நிற்கின்றன. ஊர்ப் பலகை கழற்றாத ஒரு ஸ்டேஷனில் யாரோ குடியிருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் துணி காய்கிறது.

ரயில் தடத்தில் ஒரு சௌகரியம் உண்டு. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் மேட்டையெல்லாம் வெட்டி, பள்ளத்தையெல்லாம் நிரவி வைத்திருக்கிறார்கள். அசௌகரியமும் அதுவேதான். ஏற்றம் என்று கண்ணுக்குத் தெரியாது. மூச்சு மட்டும் வாங்கும். நாம் மேடு ஏறுகிறோமா, நமக்கு வயசாகிவிட்டதா என்று முடிவு செய்ய முடியாமல் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் பத்து கிலோமீட்டரில் எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததால். யாரும் வரவில்லை. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், இன்னொரு பக்கம் வேலிக்குள் ஷரோலே மாடுகள். வெள்ளை வெளேரென்று, சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி. எங்கள் ஊர் மாடு நடுரோட்டில் படுத்து நமக்கு ஹேண்டில்பார் ஒடிக்கக் கற்றுத்தரும். இவை வேலியோரம் வரிசையாக நின்று, கல்யாண வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் பார்ப்பதுபோல, தலையிலிருந்து கால்வரை பார்த்தன. பெட்டியில் கொண்டுவந்து மாட்டிய பெல்லை அடித்துப் பார்த்தேன். ஒன்று காதை ஆட்டியது. அவ்வளவுதான்.

எதிரில் எப்போதாவது சைக்கிள் வந்தால் இன்னொரு சங்கடம். வருகிறவர்கள் எல்லோரும் "போன்ழூர்" சொல்கிறார்கள். எங்கள் பக்கம் ரோட்டில் முன்பின் தெரியாதவன் வாயைத் திறந்தால், ஒன்று ஸ்டாண்டை எடுத்துவிடச் சொல்வான், இல்லை "வீட்ல சொல்லிட்டு வந்தியா" என்பான். இங்கே பதில் மரியாதை செய்தாக வேண்டும். பன்னிரண்டாவது போன்ழூருக்கு வாயைத் திறந்தபோது ஒரு கொசு உள்ளே போனது. பதிமூன்றாவதிலிருந்து தலையை மட்டும் ஆட்டினேன். எழுபது வயது தம்பதி ஒன்று பேட்டரி சைக்கிளில், கையில் மளிகைப் பையோடு, எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே போன்ழூர் சொன்னது. அதற்கு நான் தலையையும் ஆட்டவில்லை.

மச்சினன் வாய் ஓயாமல் வெலோசியோவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். நிஜப் பெயர் போல் தெ விவி. லியோனுக்குப் பக்கத்தில் சேந்த்-எத்தியேனில் இருந்தவர். சைக்கிளில் ஊர் சுற்றுவதை பிரான்சுக்குச் சொல்லிக்கொடுத்த குருநாதர். சைக்கிளுக்கு கியர் வேண்டும் என்று பல வருஷம் மன்றாடியவரும் இவர்தான். 1903-ல் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கோ, கியர் என்பது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான சமாசாரம். 1937 வரை பந்தயத்தில் அனுமதிக்கவில்லை. எனக்கு ஐம்பத்து நான்கு. இருபத்தோரு கியரையும் மனசாட்சி உறுத்தாமல் மாற்றினேன்.

வெலோசியோ ஊர் சுற்றுகிறவர்களுக்குக் கட்டளைகளும் போட்டிருக்கிறார். பசிக்கும் முன்பே சாப்பிடு. தாகம் எடுக்கும் முன்பே குடி. வழியில் மதுவைத் தொடாதே. மூன்றாவதை பர்கண்டியில் வைத்துச் சொன்ன மச்சினனை நான் மன்னித்துவிட்டேன். முதலாவதன் அர்த்தம் பன்னிரண்டேகாலுக்கு அடுத்த ஊருக்குள் நுழைந்தபோதுதான் விளங்கியது. பேக்கரி சாத்தியிருந்தது. மளிகைக்கடையும். இரண்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். கடைக்காரர் சாப்பிடப் போய்விடுகிறார். நாம் சாப்பிடுவது அவர் கவலை இல்லை. மகான் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும்: பசிக்கும் முன்பு அல்ல, பன்னிரண்டுக்கு முன்பு.

இவ்வளவு சொன்னவன், அந்த மகான் எப்படிக் காலமானார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தான். நானாகக் கேட்டேன். 1930-ல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது டிராம் வண்டி மோதி.

"பார்த்தியா மாப்ள," என்றேன். "டிராஃபிக்கைப் பழகிக்கணும்."

சேன்-ழான்கூ-லெ-நஸியோனால் என்று வழியில் ஓர் ஊர். ராஜா காலத்தில் அது லெ-ருவாயால். ராஜா போனதும் பேரை மாற்றிக்கொண்டது. ஊருக்குப் பேர் தந்த புனிதர், மனைவியால் அவதிப்படும் கணவர்களுக்குக் காவலராம். மச்சினன் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் அக்காவைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அங்கிருந்து சாப்பாட்டுக்கடை தேடிப் பக்கத்துக் குக்கிராமத்துக்குள் திரும்பியபோதுதான் பின் டயர் இறங்கியது. முள். எங்கள் ஊராக இருந்தால் நூறடியில் ஒரு புளியமரம், அதன் கீழ் ஒரு பழைய டயர் தொங்கும், பஞ்சர் கடை. இங்கே மரம் இருந்தது. நல்லவேளையாக, ஊர் நடுவில் ஒரு பழைய சலவைத் தொட்டியும் இருந்தது: ஓட்டுக் கூரை போட்ட கல்தொட்டி, அந்தக் காலத்தில் பெண்கள் மண்டியிட்டுத் துணி துவைத்த இடம். டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினேன். சாண் சாணாகத் திருப்பிக்கொண்டே வர, ஓர் இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி. பல்லால் அந்த இடத்தைக் கடித்து அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, பேட்ச் ஒட்டினேன். இதுவரை என் வித்தையை மச்சினன் கைகட்டிப் பார்த்தான். அந்தக் கம்பீரத்தில்தான், வால்வு முனையில் இருந்த மணிமுத்து அளவு நட்டு லூசாக இருக்கிறதே என்று இறுக்கி முறுக்கி வைத்தேன்.

அதன்பிறகு காற்று ஏறவில்லை. பம்ப் அடிக்கிறேன், அடிக்கிறேன், டயர் துவண்டே கிடக்கிறது. சைக்கிளில் போன ஒருவர் "போன் குராழ்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவரும் அதையே சொன்னார். மனோதிடம் உண்டாகட்டும் என்று அர்த்தமாம். உதவி செய்கிற உத்தேசமில்லை, ஆனால் நீ கஷ்டப்படுகிறாய் என்பதை கவனித்தேன் என்பதற்கு இத்தனை நாகரிகமான சொல் நம்மிடம் இல்லை.

கால் மணி நேரம் கழித்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தோட்டக் கையுறையும் வீட்டுச் செருப்புமாக ஒரு பாட்டி வந்தார். போன் குராழ் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகி, பம்பைத் தள்ளி வைத்து, இரண்டு விரலால் அந்த நட்டை மூன்று சுற்றுத் தளர்த்தி, நுனியில் லேசாகத் தட்டினார். புஸ் என்றது. பம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தக்காளிச் செடிக்குத் திரும்பிவிட்டார்.

ஊர் உலகமெல்லாம் பிரெஞ்சு வால்வு என்று சொல்வது இதைத்தானாம். 1954-ல் எங்கள் ஊரை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியவர்கள் மொழியைக் கொடுத்தார்கள், தெருப்பெயரைக் கொடுத்தார்கள். இந்த நட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

க்ளூனி சேரும்போது என் பின்பக்கம் எனக்குச் சொந்தமாக இல்லை. 910-ல் தொடங்கிய மடம். அதன் கோயில், ரோமில் புனித பேதுரு ஆலயத்தைப் புதிதாகக் கட்டும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. புரட்சிக்குப் பின் கல்லுக்காக இடித்து விற்றதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மச்சினன் பார்க்கக் கூப்பிட்டான். உட்கார பெஞ்ச் உண்டா என்று கேட்டேன். இல்லையென்றான். பத்தில் ஒரு பங்கையும் அவனே பார்த்துக்கொண்டான்.

மறுநாள் மகோனை நோக்கிக் கிளம்பினோம். வழியில் புவா க்ளேர் சுரங்கம், 1.6 கிலோமீட்டர் நீளம். பழைய ரயில் சுரங்கமேதான். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக மூடிவிடுவார்கள். வௌவாலுக்கு ரோட்டை விட்டுக்கொடுக்கும் அரசாங்கத்தை மனதுக்குள் வணங்கியபடி நுழைந்தேன். வெளியே வெயில், உள்ளே ஐஸ் பெட்டியைத் திறந்தாற்போல் குளிர். மங்கலான விளக்கு வரிசை. முன்னே யாரும் இல்லை, பின்னே யாரும் இல்லை. மச்சினன் எங்கோ பின்தங்கியிருந்தான்.

மாடுகளுக்கு அடித்ததோடு சும்மா இருந்த கட்டைவிரல் கேட்கவில்லை. அழுத்தினேன்.

சுவர் வாங்கிக்கொண்டு, கூரைக்குக் கொடுத்து, பத்து பெல்லாகத் திருப்பி அனுப்பியது. இன்னொன்று. அப்புறம் கணக்கில்லை. இந்திரா காந்தி சிக்னலில் சாயங்காலம் ஆறு மணி.

"மாமா!" பின்னாலிருந்து மச்சினன் கத்தினான். "யாருக்கு அடிக்கறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், சுரங்கத்தின் அந்தக் கோடியிலிருந்து யாரோ ஒருவர், மெல்லிய பிரெஞ்சு பெல்லில், இரண்டு முறை அடித்தார்.