எறும்புக்குச் சாய்ந்த ஈசனும் சேலம் வக்கீலும்

எங்கள் திருவெறும்பூர் மலைமேல் இருக்கும் ஈசன் ரொம்ப இளகிய மனசுக்காரர். அசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பாக மாறி வந்தார்களாம். எண்ணெய்ப் பிசுக்கில் லிங்கத்தின் மேல் ஏற முடியாமல் வழுக்கினார்களாம். ‘சரி, ஏறுங்கப்பா’ என்று சாய்ந்து கொடுத்தார். இன்றைக்கும் சாய்ந்துதான் இருக்கிறார்.

எறும்புக்கே இந்த மரியாதை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மனுஷனுக்கு அது கிடைக்கப் பாதி ஆயுசு போயிற்று. பெயர் ஏ.பி. சேலம். மாம்பழ ஊரை நினைக்காதீர்கள். ஆபிரகாம் பராக் சேலம், 1882-ல் பிறந்த அசல் கொச்சி யூதர்.

அங்கே 1568-ல் கட்டிய ஜெப ஆலயத்தின் பெயர் பரதேசி. நமக்கு அது வசவு, அதை நடத்திய ‘வெள்ளை யூதர்’களுக்கு அந்தஸ்து. சீனாவிலிருந்து கப்பலேறி வந்த நீலப்பூ ஓடுகள் உள்ளே ஜம்மென்று பதிந்து கிடந்தன. உள்ளூரில் பிறந்த சேலம் மட்டும் வெளி நடையில் உட்கார வேண்டும். காரணம், அவருடைய முன்னோர் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்கள். எகிப்தில் தாங்கள் அடிமைப்பட்டு மீண்ட கதையை வருஷா வருஷம் பஸ்கா பண்டிகையில் உருக்கமாகச் சொல்பவர்கள்தான் இந்த நியாயத்தையும் பேசினார்கள்!

சேலம் சென்னைக்கு வந்து பி.ஏ.வும் சட்டமும் முடித்தார். கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரி. ஊர் திரும்பிப் படகுக்காரர்களுக்குச் சங்கம் வைத்தார், 1925-ல் கொச்சி சட்டசபைக்குள் நுழைந்தார், 1929-ல் லாகூர் காங்கிரசையும் பார்த்துவிட்டு வந்தார். காந்தியின் சத்தியாகிரகத்தைத் தன் ஜெப ஆலயத்தின் மீதே பிரயோகித்தார். நாடே வெள்ளைக்காரனை வெளியே போகச் சொன்னபோது, இவர் வெள்ளை யூதரிடம் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்’ என்றார். ‘யூத காந்தி’ என்று பெயரும் கிடைத்தது. 1930-களின் நடுவில் பழைய கட்டுகள் பல தளர்ந்தன.

பல தளர்ந்தன, எல்லாம் இல்லை. 1950-ல் மகன் பால்ஃபர் ஒரு வெள்ளை யூதப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. சம்பந்தி வீட்டுச் சண்டைக்கு மதம் ஏது?

பிறகு தூதர் வேலை. கொச்சி யூதர்களைச் சேர்த்துக்கொள்ள இஸ்ரேல் தயங்கியது. யானைக்கால் நோய் வந்து சேர்ந்துவிடுமாம். இவர் 1953-ல் அங்கே போய் அவர்களுக்காகப் பேசினார். ஜெப ஆலயத்து வாசலில் பழகிய கை, இஸ்ரேல் வாசலையும் தட்டியது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள்.

இவர் கிளம்பவில்லை. 1967-ல் சாகும்வரை கொச்சியிலேயே இருந்தார். யூதத் தெரு வட்டாரத்தில் ஒரு ரோட்டுக்கு இன்று ஏ.பி. சேலம் பெயர். கடைசிவரை நடைதான், இந்த முறை மற்றவர்கள் நடப்பதற்கு.