நாய்க்கு நளபாகம்

பாக்கெட் தீனியின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தீர்கள். பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. 'இனிமே என் பிள்ளைக்கு நானே சமைச்சுப் போடுறேன்' என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டீர்கள். பாராட்டுகள்! பிள்ளை என்றால் ஜிம்மி, முப்பது கிலோ லாப்ரடார். பெற்ற பிள்ளை ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடுகிறான். அவனுக்கு அது பழகிவிட்டது.

ஸ்லோ குக்கரில் நாய்க்குச் சமைப்பது மிக எளிது. கீழே சொல்கிறபடி செய்யுங்கள். முக்கால்வாசியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். விட்டுப்போனதை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

1. குக்கரைக் கடையில் வாங்காதீர்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா மகள் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டும். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. பிளக் நுழையவில்லையா? தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையில் அடாப்டர் கிடைக்கும். அது கம்பியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. பரவாயில்லை, செருகுங்கள். மூன்றரை மடங்குக்கு மேல் சூடு ஏறும். ஸ்லோ குக்கர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வேகமாகச் சமைக்கும். புகை அடங்கியதும் 230 வோல்ட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. சமையல் குறிப்பை அமெரிக்கக் காணொளியிலிருந்து எடுங்கள். மாட்டுக் கொத்துக்கறி, பழுப்பரிசி, ராஜ்மா, கேரட், பட்டாணி, பூசணி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடிவிட்டு, ஆறு மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்வார்கள். காணொளியில் வரும் அம்மாள் கொட்டுவது டப்பாவில் வரும், முன்பே வெந்த ராஜ்மா. அதைக் கவனிக்காதீர்கள். நம் மளிகைக் கடையில் கிடைக்கும் காய்ந்த ராஜ்மாவை அப்படியே போடுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். காய்ந்த ராஜ்மாவில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டால்தான் அது போகும். பிரஷர் குக்கரில் நாலு விசில் விட்டால் கவலையே இல்லை. ஸ்லோ குக்கரின் பெருமையோ கொதிக்காமல் வேகவைப்பது. அரைச்சூட்டில் கிடந்த ராஜ்மா பச்சை ராஜ்மாவையே நஞ்சில் மிஞ்சும். இத்தனைக்கும் 1940-இல் இந்தச் சட்டிக்குக் காப்புரிமை வாங்கிய இர்விங் நாக்சன் தன் கருவியைப் பயறு வேகவைக்கத்தான் விற்றார். அவர் பயறு எது, நம் பயறு எது என்றெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தால் ஜிம்மிக்குப் பசி எடுத்துவிடும்.

3. கறி. கோழிக்கடையில் போய், "அண்ணே, நாய்க்குப் போடுற கறி ரெண்டு கிலோ" என்று கேளுங்கள். கழுத்து, கால், தோல், கொஞ்சம் ஈரல் என்று கறுப்புப் பையில் கட்டித் தருவார். தோலையும் கொழுப்பையும் எடுத்துவிடாதீர்கள்; கணையம் வீங்க வேண்டுமே. எலும்பையும் விட்டுவையுங்கள். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். தொண்டையிலோ குடலிலோ ஏதாவது ஓரிடத்தில் குத்தி நிற்கும். பையை ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கி, அந்தக் கல்லை அப்படியே சட்டியில் இறக்குங்கள். நடுப்பகுதி இளகவே மதியம் ஆகிவிடும்.

4. நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈபியில் காலை ஒன்பது முதல் இரண்டு மணி வரை கரண்டை நிறுத்தும் நாள்தான் உத்தமம். எட்டரைக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு ஆபீஸ் கிளம்புங்கள். சட்டி வெதுவெதுப்பாகும் நேரத்தில் கரண்ட் போகும். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் குடும்பம் பெருக்கும். மூடி போட்ட, ஈரமான, கறி நிறைந்த வீட்டில் ஐந்து மணி நேரம் அவற்றுக்கு யாரும் இடைஞ்சல் செய்ய மாட்டார்கள். இரண்டு மணிக்கு மறுபடி சூடேறும்போது கிருமி சாகும். சில கிருமிகள் கக்கி வைத்த நஞ்சு மட்டும் சூட்டுக்கு அசையாது. கரண்ட் போகாத வீடா? அரைமணிக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடச் சமையல் வீணாகும்.

5. கால்சியம் சேர்க்காதீர்கள். 'அதான் கறி இருக்கே!' என்று சொல்லிப் பழகுங்கள். கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். பாஸ்பரஸ் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு கால்சியமாவது நாய்க்கு வேண்டும். தட்டில் இல்லையென்றால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வளர்ந்த நாய்க்கு இது மெதுவாக நடக்கும். குட்டியாக இருந்தால் பலன் சீக்கிரம் தெரியும்: முன்னங்கால் வளையும், சோபாவிலிருந்து குதித்தால் முறியும். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து அளவாகச் சேர்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். ஓட்டை வழக்கம்போல் ரோஜாச் செடிக்கே போடுங்கள். ரோஜாவுக்கு எலும்பு கிடையாது, இருந்தாலும் அதற்குத்தான்.

6. எதையும் அளக்காதீர்கள். கண்ணளவு, கையளவு. இன்றைக்குப் பூசணி இல்லையா, சுரைக்காய் போடுங்கள். கேரட் விலை ஏறிவிட்டதா, அரிசியைக் கூட்டுங்கள். துத்தநாகம், செம்பு, வைட்டமின் டி எல்லாம் பாசத்தில் தானாகச் சேரும். 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், வீட்டில் சமைக்கும் நாய் உணவுக் குறிப்புகள் 200-ஐ எடுத்து ஆராய்ந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைந்தது. வளர்ந்த நாய்க்குத் தேவையான எல்லாச் சத்தும் குறைந்தபட்ச அளவிலாவது இருந்தவை ஒன்பதே ஒன்பது. அதில் எட்டு கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. பாடம் தெளிவு: டாக்டர் எழுதியது எது என்று தெரிந்துகொண்டு அதை ஒதுக்கிவிடுங்கள்.

7. ருசி பாருங்கள். உப்புச் சப்பில்லாமல் இருக்கிறதா? இதைப் போய் ஒரு ஜீவன் சாப்பிடுமா? வாணலியை வையுங்கள். நல்லெண்ணெய், கடுகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பொடியாக அரிந்த இரண்டு பெரிய வெங்காயம், தட்டிய பூண்டு ஏழெட்டுப் பல். பொன்னிறமாக வதங்கட்டும். வாசனை மாடிவரை போக வேண்டும். அந்த எண்ணெயோடு சட்டியில் கொட்டிக் கிளறுங்கள், ஒரு கைப்பிடி உப்போடு. ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். செருப்பைப் பார்த்தாலும் அது அப்படித்தான் நிற்கும் என்பதை மறந்துவிட்டு, இதை உங்கள் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த விருதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

8. போதும் என்று ஜிம்மி சொல்லும்வரை போடுங்கள். அது சொல்லாது. பசியை அடக்கும் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் உண்டு என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டார்கள். குடும்பக்கட்டுப்பாடு செய்து, மாடிப்படியைக்கூட லிப்டில் இறங்கும் முப்பது கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 1,200 கலோரி சொச்சம் போதும். அந்தக் கணக்கைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிறகு, டீ நேரத்தில் மேரி பிஸ்கட். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று பாட்டி மறைத்து ஊட்டும் தயிர்சாதம். வெள்ளிக்கிழமை என்றால் பாயசம், மேலே மிதக்கும் உலர்திராட்சையோடு. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தை ஒரேயடியாக நிறுத்திவிடும். எந்த நாயை, எத்தனை பழத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, சுவாரஸ்யம் குறையாது.

9. மீந்ததைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

10. டாக்டரை முன்கூட்டிப் பார்க்காதீர்கள். ஜிம்மியின் எடை, வயது, நோய் எல்லாம் கேட்டு, கால்சியம் இத்தனை, வைட்டமின் கலவை இத்தனை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு உங்கள் கற்பனைக்கு எங்கே இடம்? 1903-இல் தொடங்கிய கல்லூரியோடு வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு, ஜிம்மி சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போன பிறகு போனால் போதும்.

"என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?" என்று கேட்பார். நெஞ்சை நிமிர்த்தி, "கடைத் தீனியே கிடையாது டாக்டர். எல்லாம் வீட்டுச் சாப்பாடு, எட்டு மணி நேரம் நின்னு நிதானமா வேகவெச்சது" என்று சொல்லுங்கள்.

"வெங்காயம், பூண்டு?"

"ச்சேச்சே, பச்சையா எல்லாம் இல்ல டாக்டர். நல்லா வதக்கித்தான்."

வதக்கினாலும், வேகவைத்தாலும், பொடியாக்கித் தூவினாலும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அது வெளியே தெரிய மூன்று நான்கு நாளாகும். அதற்குள் நீங்கள் இரண்டாவது சட்டியையும் இறக்கியிருப்பீர்கள்.