வாழ்வியல் கணிதத்தில் முதல் மதிப்பெண்

பள்ளியில் படித்த கணக்கு வாழ்க்கைக்கு எங்கே உதவியது என்று கேட்பவர்கள், ஒரு சாயங்காலம் ஏதாவதொரு மார்க்கெட்டில் தண்டல் வசூலுக்கு வருபவரைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்புப் பாடநூலில் ‘வாழ்வியல் கணிதம்’ என்றே ஓர் இயல் இருக்கிறது. சதவீதம், லாபம், நட்டம், தள்ளுபடி, கூட்டுவட்டி எல்லாம் அதில் உண்டு. அந்த இயலை அவரளவுக்குக் கரைத்துக் குடித்தவர்கள் குறைவு.

பூக்கடை அக்காவுக்கு அவர் எழுதும் கடன் 10,000 ரூபாய். ஆயிரத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000-ஐக் கையில் கொடுக்கிறார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அதற்கொரு அட்டை. அட்டையில் நூறு கட்டம், வசூலான நாளில் ஒரு கட்டத்துக்குள் தேதியும் ஒரு கிறுக்கலும். மழை பெய்து வியாபாரம் படுத்துவிட்டால், “அண்ணே, இன்னிக்கு விட்ருங்க” என்பார் அக்கா. “பரவால்லக்கா, நாளைக்கு ரெண்டா குடுத்துருங்க” என்பார் அவர். குரலில் கடுமை இராது. கையில் கால்குலேட்டரும் இராது. வட்டி எவ்வளவு என்று கேட்டால் “பத்து பர்சென்ட்தான்” என்கிறார். அதில் பொய்யில்லை. பத்தாயிரத்தில் ஆயிரம் என்பது பத்து சதவீதம்தானே.

அவருடைய மேதைமை அந்த நூறு கட்டங்களுக்குள் இருக்கிறது. ஐம்பதாம் நாள் 5,000 ரூபாய் அவரிடம் திரும்பி வந்துவிடுகிறது. அக்காவிடம் நிற்பது 4,000. தொண்ணூறாம் நாள் வாங்கிய 9,000-மும் திரும்பியாகிவிட்டது, இன்னும் பத்து நாள் கட்ட வேண்டும். கட்டியதில் வட்டிப் பங்கை ஒதுக்கிவிட்டு, நூறு நாளும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அக்கா கையில் இருந்த அசல் ஏறக்குறைய 4,500 ரூபாய். அதற்கு 100 நாள் வாடகை 1,000. ஆண்டுக் கணக்கில் சொன்னால் வட்டி 80 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சராசரி என்ற பாடத்தையும் தனிவட்டி என்ற பாடத்தையும் இவ்வளவு அழகாகச் சேர்த்துப் பொருத்திய வேறொருவரை நான் பார்த்ததில்லை. வட்டியை மாதத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று பேசுகிற நம் ஊர் வழக்கமும் அவருக்குத் துணை நிற்கிறது. ‘மூணு வட்டி’ என்பது காதுக்கு மூன்றாகத்தான் கேட்கிறது. ஆண்டுக்கு அது 36. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு மனு எழுத வேண்டும், சாட்சி வேண்டும். அட்டைக்கு ஒரு பேனா போதும்.

இந்தத் திறமையில் பாதி பூக்கடை அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். அவரும் எட்டாவது படித்தவராக இருக்கலாம். ஆனால் நம் வகுப்புக் கணக்கில் அசலும் வீதமும் ஆண்டும் கொடுத்துவிடுவார்கள். பெருக்கி 100-ஆல் வகுத்து வட்டியைச் சொன்னால் மதிப்பெண். வீதத்தை மறைத்து, தவணையை மட்டும் காட்டி, ‘வீதம் என்ன?’ என்று கேட்கிற கணக்கை வாழ்க்கைதான் கொடுக்கிறது. ஒரு தண்டல் அட்டையைக் கரும்பலகையில் ஒட்டி, ஒரு பாடவேளை முழுக்க அதையே கணக்குப் போடும் வகுப்பு ஒவ்வொரு பள்ளியிலும் நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தண்டல்காரர் சந்தையில் செய்வதை ஏ.சி. ஷோரூமில் செய்பவர்களும் புகழுக்கு உரியவர்களே. பைக்குக்கு ஒரு லட்சம் கடன், 12 சதவீத ‘ஃபிளாட்’ வட்டி, 24 மாதம். வட்டி 24,000, ஆக மொத்தம் 1,24,000, மாதத் தவணை 5,167. கூட்டலும் வகுத்தலும் அப்பழுக்கற்றவை. முதல் ஆண்டு முடியும்போது அசலில் ஏறக்குறையப் பாதி அடைந்துவிட்டாலும், இரண்டாம் ஆண்டுக்கும் முழு லட்சத்துக்கே வட்டி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் ‘ஃபிளாட்’ என்ற ஒரு சொல்லின் வேலை. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அந்த 12 என்பது 21½ சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல், கடனின் முக்கிய விவரங்களை ஒரே தாளில் திரட்டி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வீதத்தையும் அதில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தியிருக்கிறது. அந்தத் தாளும் கட்டோடு கட்டாக மேசைக்கு வருகிறது. கையெழுத்து போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தை அவர்களே திருப்பிக் கொடுக்கிறார்கள். வீதம் இருக்கும் வரியில் மட்டும் பெருக்கல் குறி இருப்பதில்லை.

வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று அதே வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. கடைகளோ இன்னும் அந்தப் பூஜ்யத்தை விற்கின்றன. ரொக்கமாகக் கொடுப்பவருக்கு உண்டான தள்ளுபடியைத் தவணைக்காரருக்கு நிறுத்திக்கொண்டு, செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்றையும் அதற்கு ஜிஎஸ்டியையும் சேர்த்துவிட்டால் பூஜ்யத்துக்கும் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. ஆடி மாத பேனர்களின் ‘50 + 20’ சங்கதி எல்லோருக்கும் தெரிந்ததே. எழுபது போலத் தோன்றும் அது அறுபது. பாதி விலைக்குத்தான் அந்த இருபது. பேனரில் கூட்டல் குறி இருக்கிறதே தவிர, கூட்டும்படி யாரும் சொல்லவில்லை.

நகைக்கடை இதற்கெல்லாம் ஒரு படி மேல். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலி. சேதாரம் 12 சதவீதம். கிராம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். 0.96 கிராம் சேதாரமும் சேர்ந்து 8.96 கிராமுக்கு 80,640 ரூபாய். கழுத்தில் விழுவது 8 கிராம்தான். இல்லாத அந்த 0.96 கிராமுக்கும் 3 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அவசரத்துக்கு விற்கப் போனால் தராசில் 8 மட்டுமே நிற்கும். இது பழைய கதை. வாசலில் ‘சேதாரத்தில் 25% தள்ளுபடி’ என்று ஆளுயரத்துக்கு எழுதிவைக்கும் புதிய கலையைத்தான் நான் மெச்சுகிறேன். 12-இல் கால்பங்கு 3. பில் 80,640-லிருந்து 78,480-க்கு இறங்கும். குறைந்தது 2,160 ரூபாய், மொத்த விலையில் 2.7 சதவீதம்கூட இல்லை. சதவீதத்தின் சதவீதம் என்பதைக் கணக்கு வாத்தியார் மூன்று நாள் விளக்கியும் பல பிள்ளைகளுக்குப் பிடிபடாது. இவர்கள் அதைக் கொண்டு முகூர்த்த நாளில் கடையை நிரப்பிவிடுகிறார்கள்.

பிஸ்கட் பாக்கெட் செய்பவர்கள் தலைகீழ் விகிதத்தில் தேர்ந்தவர்கள். விலை பத்து ரூபாயிலேயே நிற்கும். 100 கிராம் 80 ஆகும்போது எடை குறைந்தது 20 சதவீதம், கிராமுக்கு விலை ஏறியதோ 25 சதவீதம். பிறகு ஒருநாள் ‘10 கிராம் கூடுதல்’ என்று மஞ்சள் பட்டை வரும். பழைய நூறுக்கு அப்போதும் பத்து குறைவு. ஒரு கிராமின் விலையையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று 2021-இல் விதி திருத்தப்பட்டது. அதை எவ்வளவு பொடி எழுத்தில் போட முடியுமோ அவ்வளவு பொடியாகப் போட்டிருக்கிறார்கள்.

இத்தனை பேரையும் புகழ்ந்த பிறகும் முதல் மதிப்பெண்ணை நான் வேறொருவருக்காக வைத்திருக்கிறேன். இந்தப் பாடத்தை நடத்துகிற பள்ளிகளிலேயே சில நிர்வாகங்களுக்குத்தான் அது. ‘பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி’ என்று பேனர் கட்டுகிற பல பள்ளிகளில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உண்மையாகவே உழைத்திருப்பார்கள். நான் சொல்வது மற்றவர்களை. நூறு பேர் படிக்கிற இடத்தில் எட்டுப் பேர் தேற மாட்டார்கள் என்று தெரிகிறது. பின்னத்தின் மேல் எண்ணை 92-லிருந்து 100-க்கு ஏற்ற ஓராண்டு உழைப்பு வேண்டும், மாலை வகுப்பு வேண்டும், பொறுமை வேண்டும். கீழ் எண்ணை 100-லிருந்து 92-க்கு இறக்க ஒரு பெற்றோர் சந்திப்பு போதும்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது தமிழ்நாட்டு நடைமுறை. அதனால் இந்தக் கழித்தல் ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. “தம்பி நல்ல பையன்தான் சார். ஆனா இங்க பிரஷர் ஜாஸ்தி. வேற ஸ்கூல்னா நல்லா வந்துருவான்.” அப்பா தலையாட்டுவார். டி.சி. தயாராக இருக்கும். சிலரிடம் தனித்தேர்வராக எழுதச் சொல்வதும் உண்டு. அடுத்த ஆண்டு 92-க்கு 92. பேனரில் இருப்பது பச்சை உண்மை. 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பு நின்றுபோனதிலிருந்து பேனருக்குச் சதவீதம்தான் கதி; ஆகவே கீழ் எண்ணின் அருமை இன்னும் கூடியிருக்கிறது. ‘490-க்கு மேல் 12 பேர்’ என்று போடும்போது எத்தனை பேரில் என்று போடுவதில்லை.

கழிக்கப்பட்ட அந்த எட்டுப் பிள்ளைகள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. பலர் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்கிறார்கள். அந்த வாத்தியார் அவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்து முதலிலிருந்து பின்னம் சொல்லித் தருகிறார். சிலர் தேறுகிறார்கள், சிலர் தவறுகிறார்கள். மே மாதம் பத்திரிகைகளில் அட்டவணை வருகிறது: தனியார் பள்ளித் தேர்ச்சி இவ்வளவு, அரசுப் பள்ளித் தேர்ச்சி இவ்வளவு. ஒரே கழித்தலில் இரண்டு பள்ளிகளின் சதவீதத்தையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்துகிற இந்தக் கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை. நிர்வாகம் அதைத் தானாகவே கண்டுபிடித்து, தேர்வு முடிவு வருகிற ஒவ்வோர் ஆண்டும் பிழையில்லாமல் போட்டுக் காட்டுகிறது.