கைதுக்குப் பிறகு என்ன?

கேள்வி: ஒருவரைப் போலீஸ் கைது செய்த பிறகு என்னதான் நடக்கும்? சினிமாவில் காட்டுவதுபோல நேரே ஜெயிலா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: சினிமாவில் கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஒரு பாட்டு வரும். நிஜத்தில் அந்த இடத்தில்தான் முழுப் படமும் ஓடுகிறது! கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால்தான் ரிமாண்ட், அதாவது விசாரணைக் காவல். அப்புறம் புலன்விசாரணை, குற்றப்பத்திரிகை, சாட்சிகள், தீர்ப்பு.

பலருக்கும் தெரியாத கட்டம் ஒன்று உண்டு. ரிமாண்ட் ஆன 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் பெறுவது கைதானவரின் உரிமை. நீதிபதியின் தயவு அல்ல. பத்தாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால் 90 நாள். சில சிறப்புச் சட்டங்களில் இந்தக் கெடு இன்னும் நீளும். ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயே போச்சு!

நாளை எண்ணிச் சொல்ல வக்கீல் வேண்டுமே, காசில்லாதவர் எங்கே போவார்? காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் தரச் சொல்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். உதவி எண் 15100. காஸ் ஏஜென்சி நம்பருக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வையுங்கள், அம்மா.