டாஸ்மாக் மேலாண்மை இயக்குநருக்கு, ஒரு டம்ளர் சாக்லேட் குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர், மொட்டை மாடியில் குழந்தைகள் வரிசையிலிருந்து.

பெறுநர்:
உயர்திரு மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், எழும்பூர், சென்னை.

பொருள்: வீட்டில் மதுவில்லா உறைசாக்லேட் பானம் தயாரித்தல் – அரசுக்கு நேரும் வருவாய் இழப்பு – தன்னிலை விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. 2. என் மைத்துனரின் வாய்மொழி ஆணைகள், பல்வேறு நாட்கள்.

ஐயா,

பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில், தங்கள் கழகத்தின் உரிமமோ அனுமதியோ இன்றி என் வீட்டுச் சமையலறையில் ஒரு பானம் தயாராகி வருகிறது. பெரியவர்கள் சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து மெதுவாகக் குடிக்கத் தக்கது. அதில் மது இல்லை. ஆகவே தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கோப்பை மூடிவிட வேண்டாம். சம்பந்தம் உண்டு. வருவாய்ச் சம்பந்தம்.

1983இல் தொடங்கப்பட்டு, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்ட தங்கள் கழகத்தின் மூலம், 2023-24இல் மட்டும் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறது. என் பானத்தின் கணக்கைப் பாருங்கள். பாலுக்கு வரி கிடையாது. கோகோ பவுடருக்கு 2025 செப்டம்பரிலிருந்து 5 விழுக்காடு ஜிஎஸ்டிதான். அதிலும் பாதி டெல்லிக்குப் போய்விடும். மிச்சமுள்ள பாதியை ஒரு டம்ளருக்குப் பிரித்தால் மாநிலத்தின் கையில் விழுவதை எண்ண நாணயமே அச்சாவதில்லை. இப்படி ஒரு பொறுப்பற்ற பானத்தைக் குடித்துவிட்டு, அரசுப் பேருந்தில் ஏறி உட்கார எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இருந்தும் ஏன் குடிக்கிறேன்? காரணம் தங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் பந்தி முடிந்ததும் ஆண்கள் மாடியேறுவார்கள். மைத்துனர் பையைத் திறப்பார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஆரஞ்சு ஸ்குவாஷ் வரும், தங்கை பேரனுக்கு வந்த அதே ஸ்குவாஷ், அதே அளவு. நான் கொஞ்சம் வேர்க்கடலை மசாலாவை எடுத்தால் உடனே குரல் வரும்: “மாமா, நீங்க குடிக்கவும் மாட்டீங்க, சைட் டிஷ்ஷ மட்டும் காலி பண்ணிடுவீங்க.” தமிழ்நாட்டில் குடிக்காதவன்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டு இது ஒன்றுதான், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

ஆகவே ஸ்குவாஷை மறுத்து, மாடியில் மரியாதையாகக் கையில் பிடிக்க ஒரு டம்ளர் தேடினேன். கிடைத்தது கேமன் தீவுகளில். அங்கே ரம் பாயின்ட் என்ற கடற்கரையில் ரெக் பார் என்று ஒரு மதுக்கடை. மட்ஸ்லைடு என்ற பானம் 1970களில் அங்கேதான் பிறந்தது என்பார்கள். வோட்கா, காபி மணமுள்ள இனிப்பு மது, ஐரிஷ் கிரீம் ஆகிய மூன்றையும் ஐஸோடு அடித்து, பின்னாளில் ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் சேர்த்து, கூழாகக் கொடுப்பது. மூன்றும் தங்கள் இனத்தைச் சேர்ந்தவை. மூன்றையும் பணிநீக்கம் செய்து அந்த இடங்களை நிரப்புவதுதான் என் வேலையாயிற்று.

காபி மதுவின் இடத்துக்கு ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. சிக்கரி கலந்த பொடியில் பித்தளை ஃபில்டர் இறக்கிய முதல் டிகாஷன் இருக்கும்போது அந்தப் பதவிக்கு வெளிநாட்டு விண்ணப்பம் எதற்கு? ஐரிஷ் கிரீமுக்குப் பதில் கன்டென்ஸ்டு மில்க் இரண்டு கரண்டி. வோட்காவுக்கு? அதற்கு நிறமில்லை, மணமில்லை, சொல்லும்படி ருசியும் இல்லை. காலியிடத்தை நிரப்பத் தேவையில்லை என்று குறிப்பெழுதிவிட்டேன்.

குறிப்பெழுதியது அவசரம். பானம் ஃப்ரீஸரில் செங்கல்லாக இறுகியது. அப்போதுதான் வோட்கா என்ன உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது என்பது விளங்கிற்று. வீட்டு ஃப்ரீஸர் சுமார் மைனஸ் 18 டிகிரி. மைத்துனர் “இருக்கட்டும் மாமா” என்று அங்கே படுக்கவைத்திருக்கும் வோட்கா பாட்டில் மட்டும் உறைவதே இல்லை. அது உறைய மைனஸ் 27 போல வேண்டும். தண்ணீரை இறுக விடாமல் தடுப்பதில், எடைக்கு எடை, மதுசாரம் சர்க்கரையைப் போல ஏழு மடங்கு வேலை செய்யும். அதன் மூலக்கூறு அவ்வளவு சிறியது, ஆகவே ஒரு கிராமில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அத்தனை அதிகம். சர்க்கரையும் அதே வேலையைச் செய்யும், நிதானமாக. தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். அவை சர்க்கரையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆக, இந்த டம்ளரில் மது பார்த்த ஒரே உருப்படியான பணியை இரண்டு ஸ்பூன் தேனும் கொஞ்சம் கூடுதல் சர்க்கரையும் பார்த்துவிடுகின்றன. மறுநாள் தலைவலியும் இல்லை. இதைத் தங்கள் விற்பனைப் பிரிவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

செய்முறையை மறைக்காமல் ஒப்படைக்கிறேன். ரெய்டு வந்தால் உதவும். கோகோ பவுடர் மூன்று மேசைக்கரண்டி, சர்க்கரை ஆறு, உப்பு ஒரு சிட்டிகை. மூன்றையும் உலர்வாகவே கலந்துகொண்டு, கொதிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைக்க வேண்டும். கோகோவில் கொழுப்பு இருப்பதால் குளிர்ந்த பாலில் கொட்டினால் நனையாமல் மேலே மிதந்து கட்டி கட்டும். ஜில்லென்று குடிப்பதற்கும் அடுப்பைப் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும். இந்தக் குழைவை அரை லிட்டர் கொதிக்கும் பாலில் சேர்த்து இரண்டு நிமிடம் கிண்டி இறக்கி, ஆறியதும் கால் டம்ளர் டிகாஷன், தேன், கன்டென்ஸ்டு மில்க். இப்போது ருசி பார்த்தால் தித்திப்பு தூக்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். மூன்றில் இரண்டு பங்கை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, ஒரு பங்கைக் கீழ்த்தட்டில் குளிரவைக்க வேண்டும். தண்ணீர் ஐஸ் கூடவே கூடாது. அது உருக உருகப் பானம் ரேஷன் கடை வரிசையின் கடைசி ஆளுக்கு வரும் மண்ணெண்ணெய் போலாகிவிடும். மிக்ஸி ஜாரையும் ஃப்ரீஸரில் வைத்தெடுத்து, குளிர்ந்த பங்கு, உறைந்த சாக்லேட் கட்டிகள், விட்டு விட்டு நாலு சுற்று. விடாமல் ஓட்டினால் பிளேடின் சூட்டில் எல்லாம் பாயசம்.

சட்டச் சிக்கல் ஒன்று. மணத்துக்காக வெனிலா எசன்ஸ் இரண்டு சொட்டு விடுகிறேன். வெனிலாவைக் கரைத்து வைக்கப் பல எசன்ஸ்களில் சேர்ப்பது மதுசாரம்தான். அமெரிக்க விதிப்படி அசல் வெனிலா சாற்றில் அது 35 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஆக, என் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் மதுவிலக்குச் சட்டத்துக்கு வேலை இருக்கிறதா? மது விற்கும் தங்கள் கழகமே மதுவிலக்குத் துறையின்கீழ்தான் இருக்கிறது என்பதால், விலக்குவதா விற்பதா என்ற ஐயத்தைத் தாங்களே தீர்த்துவைக்கப் பொருத்தமானவர்கள்.

இன்னும் சில தெளிவுரைகள் தேவை. பகல் 12 மணிக்கு முன் நான் மிக்ஸியைப் போடலாமா? திருவள்ளுவர் தினத்திலும் வள்ளலார் நினைவு நாளிலும் காந்தி ஜெயந்தியிலும் ஃப்ரீஸரைப் பூட்டி வைக்க வேண்டுமா? காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்று நீலகிரியில் தொடங்கிய திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்திருக்கிறது; எங்கள் எவர்சில்வர் டம்ளரைக் குடித்த கையோடு கழுவிக் கவிழ்க்கிறோமே, அதற்கு ஏதும் உண்டா?

கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ காய்க்கிறது. பால் இந்த மாநிலத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. டிகாஷன் போடத் தெரியாத வீடு இல்லை. ஊர் ஊராகக் கடை வைத்து, கூட்டம் தானாக வர வைக்கும் வித்தை தங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எலைட் கடை ஒன்றில் ஒரே ஒரு ஃப்ரீஸர், அதில் குடிக்காதவர்களுக்கும் ஒரு டம்ளர். விலையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள், எங்களுக்கும் கஜானாவுக்குக் கொடுத்தோம் என்ற திருப்தி வேண்டும். கூடவே சைட் டிஷ்ஷில் குடிக்காதோருக்கும் சம உரிமை உண்டு என்று ஒரு சுற்றறிக்கை போட்டுவிட்டால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வாடிக்கையாளர் அல்லாதவர்.

நகல்: என் மைத்துனருக்கு, தகவலுக்காகவும், ஐஸ் டிரே வைக்க இடமில்லாதபடி ஃப்ரீஸரில் கிடக்கும் தம் பாட்டிலை ஏழு நாட்களுக்குள் அப்புறப்படுத்தும் பொருட்டும்.