ரேம் அண்ணாச்சி

கம்பெனிக் கணினியைப் பெட்டியோடு வாங்கி வந்து, பிளக்கைச் செருகி, அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும் சாமானிய ஜனங்களைக் கண்டால் கயத்தாற்று அண்ணாச்சிக்கு உள்ளூர ஓர் அனுதாபம் உண்டு. கிஸ்தி கொடுக்க மறுத்த கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலேறிய ஊரைச் சேர்ந்தவர், ‘சர்வீஸ் சார்ஜ்’ என்னும் கப்பத்தை ஏதோ ஒரு கடைக்காரனுக்குச் செலுத்துவாரென்று எதிர்பார்ப்பதே அபசாரமல்லவா? ஆகையால் அவர் சென்னைக்கு ரயிலேறி, மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு கடையில் மதர்போர்டும், எதிர்க்கடையில் பிராசஸரும், சந்துக்குள் நுழைந்து பேரம் பேசி ரேமும், மிஞ்சிய சில்லறைக்குத் தக்கபடி ஒரு பவர் சப்ளையுமாகச் சேகரித்து வந்து, தம் கையாலேயே ஒரு சிஸ்டத்தைப் பூட்டி முடித்தார். பின்னால் கோளாறு நேர்ந்தால் பொறுப்பேற்க உலகத்தில் ஒருவரும் இல்லாதபடி அத்தனை நேர்த்தியாக அமைந்துவிட்டது அந்தக் கொள்முதல்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத் தகடு கிடையாது. உஷ்ணம் வெளியேற வேண்டும் என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம். கழற்றிப்போட்ட தகட்டில் மதினி வெகு காலமாக மோர்மிளகாய் உலர்த்தி வருகிறார். ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிவிட்டு மிச்சமிருக்கும் வேகத்தோடு ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு சன்னல் வழியே பிரவேசித்து, பிராசஸர் மேலிருக்கும் விசிறியில் படியப் படிய, அது முனகும். சூடு தாங்காத பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கி, வெகு கம்பீரமாக, “ரேம் பத்தலை” என்பார்.

யாருடைய கணினி மந்தமானாலும் அவர் அருளும் தீர்ப்பு இதுவே. அதில் சத்தியம் இல்லாமலும் இல்லை. ரேம் நிறைந்துவிட்டால், விண்டோஸ் ஹார்டு டிஸ்கின் ஒரு பகுதியையே ரேமுக்குப் பதிலாக உபயோகிக்கத் தொடங்கும். டிஸ்கோ அதைவிடப் பன்மடங்கு மெதுவானது. எனவே ரேமைக் கூட்டினால் பல சிஸ்டங்கள் பிழைத்து எழுவது வாஸ்தவம். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரருடைய பழைய 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ஒரு துளியும் ஏற்றுக்கொள்ளாது என்பதை அறியாமல், 8 ஜிபி செருகிவிட்டு, பாதி காணாமற்போன அதிசயத்தைக் கண்டதும், “போலி ரேமைத் தலையில கட்டிட்டான்” என்று ரிச்சி தெரு முழுவதையும் சபித்தாரே, அந்தச் சாபத்துக்கு நாம் என்ன சமாதானம் சொல்ல?

அவருடைய சொந்த சிஸ்டத்தின் சரித்திரம் இன்னும் விசேஷமானது. மதர்போர்டில் நான்கு ஸ்லாட். கையில் இரண்டு 8 ஜிபி ரேம். அண்ணன் தம்பிபோல் அடுத்தடுத்து இருப்பதுதான் லட்சணம் என்று முதல் இரண்டிலேயே செருகினார். அத்தகைய போர்டுகளில் பெரும்பாலும் அவ்விரண்டும் ஒரே சேனலைச் சேர்ந்தவை. ஆதலால் இரண்டு வழியாகப் போகவேண்டிய தகவல் ஒரே வழியில் நெருக்கியடித்துக்கொண்டு போயிற்று. போதாக்குறைக்கு, மேலே 3200 என்று பொறித்திருந்த அந்த ரகம், பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி என்னும் வேக அமைப்பை இயக்கும்வரை 2133-இலேயே நிதானமாக நடக்கும் சுபாவமுடையது. அண்ணாச்சி பயாஸுக்குள் போவதே இல்லை. அவருடைய நம்பிக்கையெல்லாம் அழிரப்பரின் மீது. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, மீண்டும் அதே ஸ்லாட்டில் செருகுவார். இடையில் ஒரு பழைய டிடிஆர்3 ரேமைக்கூட டிடிஆர்4 ஸ்லாட்டில் அழுத்திப் பார்த்தார். அது நுழையவில்லை. முன்னதற்கு 240 முனைகள், பின்னதற்கு 288, வெட்டும் வேறிடத்தில். நம் அண்ணாச்சி போன்ற ஒருவர் எதிர்காலத்தில் அவதரிப்பார் என்று அதை வடிவமைத்த பொறியாளர்கள் தீர்க்கதரிசனத்தால் அறிந்திருக்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி மகள் ஒருநாள் மதர்போர்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “பெரியப்பா, ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும்னுல்லா இதுல இருக்கு” என்றாள்.

“ஏட்டி, அது தைவான்காரன் அவன் ஊருக்கு எழுதுனது. நம்மூரு கரண்டுக்குச் சரிப்படாது.”

அவர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, அந்தப் பெண் விசிறியைத் துடைத்து, ரேம்களை இடம் மாற்றி, பயாஸில் எக்ஸ்எம்பியையும் இயக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல் உட்கார்ந்துகொண்டாள். திரும்பி வந்த அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார். சிஸ்டம் சடுதியில் எழுந்தது. டாஸ்க் மேனேஜரில் 3200 என்று பிரகாசித்தது. சிறிது நேரம் மௌனமாயிருந்த அவர், “ராத்திரி கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சேன், அதான்” என்றார்.

மறுநாளே கோவில்பட்டிக்குப் பஸ்ஸேறி ஒரு டஜன் ரப்பர் வாங்கி வந்து, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒன்று இலவசமாகவே கொடுத்தார்.